ஞானமகனே, நான் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வரி

என் ஞானமகனுக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது பல்லே முளைக்கவில்லை. நாளைக் காலை ஆராதனையில் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கப்போகிறவள் நான். பிள்ளையின் பெயர் என்ன என்று போதகர் கேட்பார், நான் சொல்ல வேண்டும். அவர் உன் நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுப்பார். அந்த நிமிடத்திலிருந்து நான் உனக்கு ஞானத்தாய். பெற்றவள் இல்லை, ஆனாலும் தாய். பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில், பதினேழு வயதில், எனக்கு ஒரு மகன். வளர்ந்த மகனுக்குத் தாய் எழுதுகிற மாதிரி உனக்கு எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் எடுத்துச் சொல்ல எனக்கு அனுபவம் ஒன்றும் இல்லை. செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய இந்த லயத்து வீடு எவ்வளவு சின்னது என்று உனக்கே தெரியும். உள்ளறையில் நீயும் உன் அம்மாவும் என் அண்ணனும். முன்னறையில் என் அம்மா. அடுக்களையில் நான். இயற்பியல் புத்தகத்தை விரித்து அதன்மேல் இந்த நோட்டை வைத்திருக்கிறேன். போன வாரம் யானை இறங்கியதால் லயத்தில் யாரும் வெளிவிளக்கை அணைப்பதில்லை. ஜன்னல் வழியாக விழுகிற அந்த வெளிச்சம் எழுதப் போதும். என் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் நோட்டைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். யானைக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. நான் செய்தது தெரிந்தால் என் அண்ணன் இனி என் முகத்தைப் பார்ப்பானா என்று தெரியவில்லை. சொல்லாமலே இருந்துவிட்டால், நாளை உன்னை ஏந்திக்கொண்டு, பொல்லாங்கை விட்டுவிடுகிறேன் என்று சபைக்கு முன்னால் சொல்லும்போது நான் பொய்யாக நிற்பேன். இரண்டில் எது பெரிய பயம் என்று விடிவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் உன் அப்பாவைப் பற்றி. அவனை 'உன் அப்பா' என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அண்ணன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எனக்கு நான்கு வயதில் எங்கள் அப்பா இறந்துபோனார். என் அம்மா விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேறிவிடுவாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்த அண்ணன்தான் எனக்குத் தலை பின்னிவிட்டான், ஒரு பின்னல் மேலேயும் ஒன்று கீழேயுமாக. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அவன்தான் வருவான். அவன் ஜீப் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து முன் சீட்டு என்னுடையது. ஏலக்காய் மூட்டை ஏற்றினாலும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாலும், அவன் பக்கத்தில் நான்தான். என் அம்மாகூடப் பின்னால்தான் ஏறுவாள். யாராவது முன்னால் ஏற வந்தால், "அது எங்க வீட்டு மேனேஜர் சீட்டு, பின்னால போங்க" என்பான் அண்ணன். எஸ்டேட்டில் மேனேஜரை விடப் பெரிய ஆள் கிடையாது. நான் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

பிறகு அவன் கம்பம்மெட்டுக்கு ஏலக்காய் ஏற்றப் போனான். அங்கே காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரில், காய்ந்த காயைக் குவித்துப்போட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் உன் அம்மாவும் ஒருத்தி. அடுத்த வருடம் கல்யாணம். கல்யாணம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது ஜீப்புக்குப் பூ கட்டியிருந்தார்கள். நான் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, "இறங்குட்டி மேனேஜரம்மா, ஒனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தாச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே இறங்கிப் பின்னால் போனேன். அந்த வளைவுச் சாலை முழுக்க, பின் சீட்டில் குலுங்கியபடி, கண்ணாடி வழியாக உன் அம்மாவின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளை எதில் பிடிப்பது என்று இரண்டு வருடமாகத் தேடினேன். உன் அம்மா வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. நாங்கள் புத்தகத்தைப் பார்த்து அமைதியாக ஜெபிக்கிறவர்கள். அவள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, கை இரண்டையும் உயர்த்தி, சத்தமாக அழுது ஜெபிப்பாள். லயத்தில் சுவருக்குச் சுவர் ஆள். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் குழாயடியில் என் அம்மாவிடம், "ஒங்க வீட்டு ஆண்டவருக்கு மட்டும் காது கேக்காதாக்கும்?" என்று கேட்டுவிட்டாள். என் அம்மா வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இதோ மாமியார் மருமகள் சண்டை வரப்போகிறது என்று நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உன் அம்மா சிரித்துவிட்டாள். "அவருக்கு மெதுவாச் சொன்னாலும் கேக்கும் அத்தே. எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது, அதான் கத்துறேன்" என்றாள். மறுநாளிலிருந்து கம்பளியைத் தலைவரைக்கும் மூடிக்கொண்டு ஜெபித்தாள். ஜெபத்தை விடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. என் அம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டிச் செத்துக்கித்துப் போயிராத, போர்வைய எடு" என்றாள். என்னிடம் அவள் அந்தக் குரலில் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது.

உன் அம்மா ஒத்துப்போகாத விஷயத்தில் ஒத்துப்போகிறேன் என்று சொல்லவே மாட்டாள். ஆனால் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒரு வேலையையும் நிறுத்த மாட்டாள். காலையில் ஒரு விஷயத்தில் என் அம்மாவுக்கு எதிராகப் பேசியிருப்பாள். சாயங்காலம் என் அம்மா மலையிலிருந்து வந்ததும், கால் ஊறப்போட வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். மகனே, இதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நான் சாப்பிட மாட்டேன், பேச மாட்டேன், கதவை அடித்துச் சாத்துவேன். கோபத்துக்கும் அன்புக்கும் ஒரே வீட்டில் இடம் இருக்க முடியும் என்று அவள் காட்டிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க நான் சின்னவளாகிக்கொண்டே போனேன்.

மழைக்காலத்தில் நீ பிறந்தாய். உனக்கு நான்கு மாதம் ஆனபோது என் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைக் கவுனை எடுத்தாள். அண்ணனும் நானும் ஞானஸ்நானம் எடுத்த கவுன் அது. உனக்கும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்றாள். உன் அம்மா தயங்கினாள். அவள் வளர்ந்த சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஜெபிப்பார்கள். அவன் வளர்ந்து, அவனே விசுவாசித்து, அவனே கேட்டு, ஆற்றுத் தண்ணீரில் முழுசாக முங்கி எழ வேண்டும். கடவுள் பிள்ளையைத் தேடி வருவதற்குப் பிள்ளை பேசத் தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா என்பது என் அம்மாவின் கேள்வி. பிள்ளை தானாக நடந்து போவதற்கு முன்னால் நாம் ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது உன் அம்மாவின் கேள்வி. இரண்டு பேரும் உன்மேல் வைத்த அன்பில்தான் அப்படிக் கேட்டார்கள் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடைசியில் இவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு விரிசல் விழுந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் பேச்சிலேயே கழிந்தது. புத்தாண்டு முடிந்த ஒருநாள், உன் துணிகளை நானும் உன் அம்மாவும் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தோம். அவள் என்னைத் தங்கையாக நினைத்து மனசைத் திறந்தாள். "அத்தே மனசு நோகக் கூடாதுன்னு பேசாம இருக்கேன் பாப்பா. அவங்களுக்கு அது பெரிய காரியம், எனக்குப் புரியுது. ஆனா என் கண்ணுக்கு அது வெறும் தண்ணியாத்தான் தெரியுது, நான் என்ன செய்ய?" இவ்வளவுதான் அவள் சொன்னது. அன்று சாயங்காலம் என் அம்மா மலையிலிருந்து வந்து, உன் அம்மா வைத்த வெந்நீரில் காலை ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வடைப் பொட்டலத்தோடு வந்தான். முன்பெல்லாம் அதை என் கையில்தான் கொடுப்பான். அன்று உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். உன் அம்மா ஒரு வடையைத் தட்டில் வைத்து எனக்கு நீட்டினாள். என் அண்ணன் வாங்கிவந்த வடையை எனக்கு இவள் கொடுக்கிறாள். அவள் அடுக்களைக்குப் போனதும் நான் என் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மதினி நம் ஞானஸ்நானத்தை வெறும் தண்ணீர் என்று சொல்லுகிறாள் என்றேன். என் அம்மா காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. "நம்மது செத்த சபையாம்மா" என்று ஒரு வரியைச் சேர்த்தேன்.

அதை உன் அம்மா சொல்லவில்லை. எங்கோ யாரோ யாரையோ சொல்லிக் கேட்ட வார்த்தை, என் வாயில் தயாராக இருந்தது. அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் எங்கள் அப்பா இருக்கிறார். என் அம்மா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். சேலையால் துடைத்துக்கொண்டாள். "இத ஒங்க அண்ணன்ட்ட சொல்லாத" என்று மட்டும் சொன்னாள். தன் மகன் அவன் மனைவியை வெறுத்துவிடக் கூடாது என்று அதை அவள் தனக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டாள். நான் தீ வைத்தேன், அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். எங்கள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் பெஞ்சில் இருப்பவரின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துப் பொத்துவார். வாங்கியவர் திரும்பிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். சமாதானத்தை யாரும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது, இன்னொருவர் கையிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் பெஞ்சில் என் அம்மா, அடுத்து உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா, அடுத்து நான். என் அம்மாவுக்குச் சமாதானம் வந்தது. உன் அம்மா கைகளை நீட்டினாள். என் அம்மாவின் கைகள் அந்தக் கைகளைத் தாண்டி என்னிடம் வந்தன. நான் வாங்கினேன். வாங்கிப் பின் பெஞ்சுக்குக் கொடுத்தேன். ஆலயம் முழுவதும் பார்த்தது. உன் அம்மா நீட்டிய கைகளை மெதுவாக மடக்கி, உன் சட்டையைச் சரிசெய்வதுபோல உன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தோஷம் இருந்தது. முன் சீட்டில் திரும்ப ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் அண்ணன் என் அம்மாவிடம் காரணம் கேட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. ஞானஸ்நானத்துக்காக இவ்வளவு வீம்பா என்று அவன் கத்தினான். மறுநாள் உங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்குப் போய்விட்டான். நான் நினைத்தது உன் அம்மா போக வேண்டும் என்று. அவளோடு அண்ணனும் போவான், நீயும் போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வாரம். காய்ந்த உன் துணி ஒன்று கொடியிலேயே கிடந்தது, என் அம்மா அதை எடுக்கவும் இல்லை, எடுக்க விடவும் இல்லை. சனிக்கிழமைதோறும் உன் அம்மா போன் செய்வாள். என் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டு, பேசாமல் அரிசி களைவாள். உன் அம்மா அந்தப் பக்கம், முட்டிவலி எப்படி இருக்கிறது, மழை பெய்கிறதா, உனக்குச் சளி விட்டது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பதில் வராது. கடைசியில், "சரி அத்தே, வைக்கிறேன், சாப்பிட்டுத் தூங்குங்க" என்பாள். ஆறு சனிக்கிழமை அப்படிப் பேசினாள். என்னால் ஒரு நிமிடம்கூட அப்படிப் பேச முடியாது.

சபையின் அசன விருந்து வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பெண்களெல்லாம் ஆலய முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் யார் அழுதாலும் யாரும் கேட்பதில்லை என்பதால் என் அம்மா அங்கே போய் உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறேன். ஜீப் சத்தம் கேட்டது. உன் அம்மா இறங்கி வந்து, உன்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு, என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை வெங்காயத்தை எடுத்தாள்.  உரித்த வெங்காயத்தை அள்ளிப்போக நான் கூடையோடு நின்றேன். அண்ணன் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அத்தே, என் மேல என்ன வருத்தம்னு சொல்லிருங்க. ஞானஸ்நானம் மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியுது" என்றாள் உன் அம்மா.

என் அம்மா நிமிர்ந்து பார்க்காமல், "செத்த சபைக்கு எதுக்கு வந்த? பிணத்துக்கு வெங்காயம் உரிக்கவா?" என்றாள்.

முற்றத்தில் கத்திச் சத்தம் நின்றது. அண்ணன் அண்டாவைக் கீழே வைத்தான். உன் அம்மா முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். குழாயடியில் அவள் பேசியதைக் கேட்டது நான் ஒருத்திதான்.  இப்போது சொல்லப்போகிறாள், இத்தனை பேருக்கு முன்னால் சொல்லப்போகிறாள் என்று நின்றேன். அவள் பார்வையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். "அந்த வார்த்தை இத்தனை நாளா உங்களை அறுத்திருக்கு. நான் தெரியாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க அத்தே" என்றாள். சொன்னேன் என்றும் சொல்லவில்லை, சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. என் அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைய கொண்டா" என்றாள்.

அன்று இரவு வீட்டில் உன் அம்மாவே பேச்சை எடுத்தாள். ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றாள். தன் மனம் மாறிவிடவில்லை, அதை மறைக்க மாட்டேன், ஆனால் உன்னை அவ்வளவு நேசிக்கிறவர்கள் கேட்பதால் சம்மதிக்கிறேன் என்றாள். இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, நீ வளர்ந்ததும் இதை யாராவது உன்னிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்புறம் நீ உன் மனப்படி என்ன செய்தாலும் யாரும் தடுக்கக் கூடாது. இரண்டு, அதைச் சொல்லப்போகிற ஞானத்தாய் நானாக இருக்க வேண்டும். என் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டாள். "அவன் வளந்து ஆத்துல முங்கித்தான் எழுவேன்னு சொன்னா சொல்லட்டும். நான் கரையில துண்டு பிடிச்சிட்டு நிக்கேன். சளி பிடிச்சிரக் கூடாதுல்லா" என்றாள். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மகனே, யாரும் யாருடைய எண்ணத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் அந்த அறையில் இரண்டு பேர் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துபோனதை நான் பார்த்தேன். என்னைத் தவிர எல்லோரும் அந்த அறையில் நிம்மதியாக இருந்தார்கள்.

இல்லை, அண்ணன் நிம்மதியாக இல்லை. தன் அப்பாவைப் புதைத்த சபையைத் தன் மனைவி அப்படிச் சொன்னாளே என்று அவனுக்குள் முள் ஏறிவிட்டது. அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மறுநாள் அசனம் முடிந்து ஜீப்பில் ஏறப்போனபோது என்னைப் பார்த்து, "முன்னால ஏறு" என்றான். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். இரண்டு வருடமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்தச் சீட்டில் என்னால் சாய்ந்து உட்காரக்கூட முடியவில்லை. புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் அம்மா எழுந்து சாட்சி சொன்னாள்: என் மருமகள் நம் சபையைச் செத்த சபை என்றாள், மன்னிக்கிற இருதயத்தை ஆண்டவர் எனக்குத் தந்தார் என்று. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உன் அம்மா அந்த வட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். என் பொய் அன்றைக்கு எங்கள் எஸ்டேட்டில் சாட்சியாகிவிட்டது.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். நீ சிணுங்கினாய். உன் அம்மா வெந்நீர் எடுக்க அடுக்களைக்கு வந்தாள். நோட்டை மறைக்க எனக்கு நேரம் இல்லை. அவள் நோட்டைப் பார்த்தாள், படிக்கக் குனியவில்லை. எதற்கு என்னை ஞானத்தாயாகக் கேட்டீர்கள், என்னைப் பழிவாங்கவா என்று கேட்டுவிட்டேன். அவள் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு முற்றத்துல நான் உன்னைக் காட்டிக் குடுத்திருந்தா அத்தைக்கு மகளும் இல்லாமப் போயிருப்பா. அதான் வாயை மூடிக்கிட்டேன். ஆனா நான் மூடினது சரியான்னு எனக்கே இப்பத் தெரியல பாப்பா. அவர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசி ஒரு வாரம் ஆச்சு."

"எனக்கு ஒங்களப் பிடிக்கல மதினி" என்றேன்.

"தெரியும். எனக்கும் உன்னைக் கண்டாப் பொறாமைதான். கல்யாணம் ஆன புதுசுல அவர் பேசினதெல்லாம் உன்னைப் பத்தித்தான். பாப்பா இது சொன்னா, பாப்பா அது செஞ்சா. யாரு அந்தப் பாப்பான்னு எரிச்சலா வரும்." அவள் மெல்லச் சிரித்தாள். எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள். "நீ சொன்னாலும் சொல்லாட்டியும் நீதான் ஞானத்தாய். அது மாறாது" என்று சொல்லிவிட்டு உன்னிடம் போனாள்.

சொல்லாவிட்டால் ஞானத்தாய் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டியிருந்தால் நான் வீம்புக்குச் சொல்லாமல் இருந்திருப்பேன். மாறாது என்று சொல்லிவிட்டுப் போனதுதான் என்னை எழுப்பிவிட்டது.

இனி எழுதுவது ஞாயிறு சாயங்காலம். அதிகாலையில் என் அம்மா உன் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் இருக்கும்போதே சொன்னேன். குழாயடியில் மதினி சொன்னது எவ்வளவு, நான் சேர்த்தது எது, ஏன் சேர்த்தேன் என்று, வடை வரைக்கும் சொன்னேன்.  அண்ணன் ஒரு ஷூவைக் கையில் வைத்தபடியே இருந்தான். என் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பொய்ய வச்சு சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேனேட்டி" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னைக்கு நீ அவனப் பிடிக்கணும், அதனால குளிச்சிட்டு வா. ஒன்ட்ட பொறவு பேசுதேன்." பிறகு உன் அம்மா இருந்த உள்ளறைக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது, அடுக்களையில் ஒரு வெங்காயமும் இல்லை. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜீப்பின் முன்கதவைத் திறந்து உன் அம்மாவுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பின்னால் ஏறினேன். ஆலய வாசலில் என் அம்மா, புதன்கிழமை கூட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, தன் சாட்சி தவறு என்றும், மருமகள் அப்படிச் சொல்லவே இல்லை என்றும் சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டவர்களிடம், "என் வீட்டுல நடந்தது, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். காட்டிக்கொடுக்காமல் இருப்பதை அவள் தன் மருமகளிடமிருந்து கற்றிருந்தாள் போல.

போதகர் பெயர் கேட்டார். சொன்னேன். என் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டதாம். தண்ணீர் விட்டதும் நீ வாயைத் திறந்து ஆச்சரியமாகப் பார்த்தாய், அழவில்லை. உன் அம்மா கண்ணை மூடி நின்றாள். பெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது நீ என் கையில்தான் இருந்தாய். சமாதானம் வந்தது. என் அம்மா அதை வாங்கி, உன் அம்மாவின் பக்கம் முழுசாகத் திரும்பி, அவள் கைகளைப் பொத்தி, விடவே மறந்துபோனதுபோல வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். உன்னை ஏந்தியிருந்ததால் நீட்ட என்னிடம் கை இல்லை. அவள் உன்னோடு சேர்த்து என் கைகளைப் பொத்தினாள். பின் பெஞ்சில் பக்கத்து வீட்டு அத்தை கை நீட்டிக் காத்திருந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல், உன் சின்னக் கையை எடுத்து அவள் கைகளுக்குள் வைத்தேன். அவள் வாங்கிப் பின்னால் கொடுத்தாள். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் இருந்த எல்லாருக்கும் சமாதானம் உன் கை வழியாகத்தான் போனது.

உடனே நீ அழுதாய், என்னை உதைத்துத் தள்ளிவிட்டு உன் அம்மாவிடம் தாவினாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரே நாளில் அது போய்விடும் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. அடுத்த முறை அது வரும்போது நான் வார்த்தை சேர்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இப்போதைக்கு எனக்குத் தெரிகிறது. நீயும் யாரோடாவது ஒத்துப்போகாமல் நிற்கிற நாள் வரும். அவர்கள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு ஒத்துப்போகாமல் இரு. அவர்கள் சொல்லாததைச் சேர்க்காதே. அவர்கள் காலுக்கு வெந்நீர் வைப்பதை நிறுத்தாதே.

அண்ணன் இன்னும் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் வடைப் பொட்டலம் வாங்கி வந்து, யார் கையிலும் கொடுக்காமல் நடுவில் வைத்துவிட்டுப் போனான். உன் அம்மாவும் நானும் அதன் இருபுறமும் உட்கார்ந்தோம். பிறகு நான் எடுத்து அவளுக்குக் கொடுத்தேன்.

உன் அம்மா கேட்டுக்கொண்டதை நான் சொல்லிவிட்டேன். அவள் மனம் மாறி அல்ல, அன்பினால்தான் சம்மதித்தாள். இனி உன் மனப்படி செய். ஆற்றில் இறங்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் யாருக்கும் பயப்படாதே. துண்டு பிடிக்க என் அம்மா இருப்பாள், மாற்றுச் சட்டையோடு நான் நிற்பேன். ஆற்றங்கரைக்கு ஜீப்பில்தான் போவோம். முன் சீட்டில் உன் அம்மா ஏறட்டும். நான் பின்னால் வருகிறேன்.

உன் ஞானத்தாய்